குதிரைக்கு அச்சாரம்

நெற்குப்பை வீட்டில் எங்களுக்கு
இருபத்து மூன்றில் ஒரு பங்கு.
ஓர் அறை, ஒரு சாவி,
மழைக்கு ஒழுகும் வளவின் தென்மூலை.
பேரேடுகளை எடைக்கு எடுத்துக்கொள்வதாக
பழைய சாமான்காரர் சொன்னார்.
தராசில் ஏறுமுன் ஒன்றைப் பிரித்தேன்.

காளயுக்தி வருஷம், ஐப்பசி.
மேலே பிள்ளையார் சுழி,
கீழே கணக்கப்பிள்ளையின் சாய்ந்த எழுத்து.

ஒன்பதாம் தேதி:
சுக்கு, மிளகு, ஆடாதொடை. மூன்றணா.
பத்து: திருப்பத்தூர் வைத்தியருக்கு வண்டி, ஒன்றேகால் ரூபாய்.
வைத்தியரும் காய்ச்சலில்; வண்டி வெறுமனே திரும்பியது.
பதினொன்று: எலுமிச்சம்பழம், பன்னிரண்டு.
பன்னிரண்டாம் தேதிக்கு வரி இல்லை.
பதின்மூன்று: குழி வெட்டியவருக்கு இரட்டைக் கூலி.
அந்த வாரம் ஊர் முழுக்க அதுதான் விலை.
பால், ஒரு செம்பு.

யாருக்கு என்று எழுதவில்லை.
பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்,
ஆவணியில் கிடைத்தது பெயர்:
'சிரஞ்சீவி ஏகப்பன் கார்த்திகைப் புதுமைக்கு
குதிரைக்கு அச்சாரம், ரூபாய் இரண்டு.'

ஏழு வயது.
எங்களில் கல்யாணம் ஆனவனைத்தான்
புள்ளி என்று கோயிலில் எழுதுவார்கள்.
புள்ளிக்கு வரி உண்டு, மாலை உண்டு,
செத்தால் ஊர் கூடும்.
மெய்யெழுத்து ஒவ்வொன்றின் தலையிலும்
ஒன்றை வைக்கிற மொழியில்
அவனுக்கு ஒன்று வைக்க இடமில்லாமல் போயிற்று.

ஏட்டுக்குள் நாலாய் மடித்த கடிதம்.
பியாப்போனிலிருந்து அப்பச்சி சேவுகன்,
ஐப்பசி பதினாலில் எழுதியது:
'குதிரை சாதுவாக இருக்கட்டும்.
வெள்ளை வேண்டாம். வெள்ளைக் குதிரையைக் கண்டு
பையன் பயந்தான் என்று எழுதியிருந்தாய்.
இங்கே விஷக்காய்ச்சல்,
ரங்கூனில் பாதிக் கிட்டங்கி சாத்திக் கிடக்கிறது.
ஊரில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.'
நாலு வயதில் விட்டுவிட்டுக் கப்பலேறிய மகன்.
அவன் எதற்குப் பயப்படுவான் என்பதும்
தபாலில்தான் தெரிந்தது அவருக்கு.

பிறகு கார்த்திகை, இரண்டாம் சோமவாரம்.
இந்த ஒரு வரி மட்டும் வேறு கை.
பெரிய எழுத்து, கோடு விட்டு இறங்கிய எழுத்து.
அடைக்கம்மையுடையதாக இருக்கும்.
'குதிரை மீதிக்கு ரூபாய் மூன்று.
குதிரைக்குக் கொள்ளு ஒரு படி.'

குதிரைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை போல.
அந்த மாதம் சொல்லுவதற்கு ஊரில் எத்தனை வீடு.
ஜரிகைச் சேணம் பூட்டி
சொன்ன நாளில் சொன்ன நேரத்தில்
வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.
அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.
பேசிய கூலியைக் கொடுத்தாள்.
கொள்ளு வைத்தாள்.
அது தின்று முடிக்கும்வரை நின்றாளா,
என்ன நிறம், கோயில்வரை
வெறும் சேணத்தோடு போனதா,
எதுவும் எழுதவில்லை. ஏடு செலவை மட்டும் கேட்கும்.

மூன்று வருஷம் கழித்து
பலவான்குடியிலிருந்து பிள்ளை கூட்டினார்கள்.
காசிநாதன், எட்டு வயது,
பங்காளி வீட்டு மூன்றாவது மகன்.
காலியான இடத்தில் உட்கார வந்தவன்,
என் அப்பாவின் அப்பா.

அதனால் இதைத் துக்கம் என்று சொல்ல
எனக்கு வாய் கூசுகிறது.
ஏகப்பன் பிழைத்திருந்தால்
இந்த வளவு இல்லை, சாவி இல்லை,
இதைப் படிக்க நான் இல்லை.
அவன் மூச்சு நின்ற தேதிக்கு
வரி இல்லாத இடம் இருக்கிறதே,
அங்கிருந்து தொடங்குகிறோம் நாங்கள் பதினோரு பேர்.

சாமான்காரர் அவசரப்பட்டார்.
அடுத்த ஏடுகளையும் தரையில் பரப்பினேன்,
துந்துபி வருஷம் கார்த்திகைவரை.
காசிநாதனுக்கும் புதுமை செய்திருக்கிறார்கள்.
மேளம், வெற்றிலை, தீவட்டி எண்ணெய்,
எல்லாவற்றுக்கும் முன்பணம் போயிருக்கிறது.
குதிரைக்கு மட்டும் இல்லை.
அன்றைக்கே, பையன் ஏறி இறங்கிய பிறகு,
அதே கோடு விட்டு இறங்கிய எழுத்தில்:

'குதிரைக்கு ரூபாய் ஐந்து.
கொள்ளு இரண்டு படி.'